மூன்றாவது போத்தலின் ருசி

இந்தத் தேநீர் அளவுக்கு மேல் ஊறிவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. சுற்றிலும் தேயிலை மலைகள் இருக்க, ஹட்டன் பொலிஸ்காரர் இப்படியொரு தண்ணீரைக் குடிப்பது எனக்குப் புதிதல்ல. நல்லதெல்லாம் கப்பலேறிவிடுகிறது. மிஞ்சிய தூளைக் கொதிக்கவைத்து, சீனி போட்டு மறைக்கிறோம்.

என் பெயர் ஜெயரத்தினம். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருடமாக டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். கொழுந்து உள்ளே வருவது முதல் தூளாக வெளியே போவதுவரை என் பொறுப்பு. தினமும் ஒவ்வொரு வகைத் தூளையும் ஊற்றி, உறிஞ்சி, நாக்கில் உருட்டி, காலடியில் இருக்கும் பித்தளைப் படிக்கத்தில் துப்புவேன். ருசி பார்ப்பவன் விழுங்குவதில்லை. தொழிலின் முதல் பாடம் அது.

வேலாயி எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். அதைத் துரையிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். நெஞ்சு வலி வந்ததும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். இந்த 2009 ஏப்ரலில் லண்டனிலிருக்கும் மகள் அவருக்கு ஒரு மின்சிகரெட் அனுப்பினாள். பார்வைக்குப் பேனாதான். உள்ளே புகையிலை வாசமுள்ள ஒரு சாறு இருக்கும். உறிஞ்சினால் சூடாகி ஆவியாக வரும். காலையில் பெரட்டுக் களத்தில் இருநூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மனிதர், வாயில் பேனாவை வைத்துச் சப்பிக்கொண்டு நின்றார். "தொர மசி குடிக்கிறாருடி" என்று பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் சாறு தீர்ந்தது. கொழும்பிலும் கிடைக்கவில்லை. துரை எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார். நான் செய்து தருகிறேன் என்றேன். யாழ்ப்பாணத்தில் என் தகப்பன் வீட்டார் மூன்று தலைமுறையாகப் புகையிலை நட்டவர்கள். கிளிசரின் ஹட்டன் மருந்துக் கடையில் கிடைத்தது. எப்படிச் செய்தேன் என்பதை மட்டும் எழுத வேண்டாம். படிப்பவர்களில் ஒரு மூடன் எப்போதும் இருப்பான்.

ருசி பார்க்காததைத் துரைக்குக் கொடுக்க முடியாது. நான் பார்க்கவும் முடியாது. புகையிலை பட்டால் என் நாக்கு இரண்டு நாளுக்கு மரத்துவிடும், அது தோட்டத்துக்கு நட்டம். வேலாயி கொழுந்து அரைக்கும் அறையைக் கூட்டுகிறவள். பத்து வயதிலிருந்து வெற்றிலையோடு புகையிலை போடுகிற வாய். அதற்கு மேல் எந்த வேலைக்கும் உதவாத வாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன வருடம் அவள் அரைக்கும் அறையின் கழிவுநீர்க் கானுக்குள் வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். அரை நாள் சம்பளத்தை வெட்டினேன். தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று சொல்வார்கள். 'எச்சில் துப்பக் கூடாது' என்று பலகை மாட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அவளுடைய மகள் கிருஷாந்தியைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பலகையைத் தாய்க்குச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவை. அதன் பிறகு ஸ்டோருக்குள் வேலாயி ஒரு துளிகூடத் துப்பியதில்லை.

முதல் போத்தலில் ஒரு சொட்டை விரலில் தொட்டு நக்கினாள்.

"என்னங்கய்யா இது, சீனிப்பாணி மாதிரி இருக்கு?"

"புகையிலை தெரியுதோ, அதைச் சொல்லு."

"பல்லு போன கெழவிக்கு இடிச்சுக் குடுத்த மாதிரி சப்புனு இருக்குங்க."

மறுநாள் இரண்டாவதைக் கொடுத்தேன். ஒரு சொட்டை நக்கி, போத்தலை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தொரைக்கா இது? தொர வீட்டு நாயி மோந்து பாத்துட்டுப் போயிருமுங்கய்யா. ஊருக்கே ருசி பாக்குறீங்க, ஒரு புள்ளிப் பொகயிலய கரைக்கத் தெரியலியே." கூட நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

பத்தொன்பது வருடத்தில் என் ருசியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கூட்டுகிறவள் சொன்னதற்குக் கோபப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது போத்தலைக் காரமாகச் செய்தேன். காலையில் கானோரத்தில் ஊர்ந்த அட்டை ஒன்றின்மேல் ஒரு சொட்டு விட்டேன். மலையில் கொழுந்தெடுப்பவர்கள் காலில் புகையிலைத் தண்ணீர் பூசினால், அட்டை சுருண்டு விழுந்து, பிறகு ஊர்ந்து போய்விடும். இது சுருளக்கூட இல்லை, அந்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. இந்தப் போத்தல் துரைக்கு ஆகாது என்று அப்போதே தெரிந்தது.

பதினொரு மணிக்கு வேலாயியை என் அறைக்குக் கூப்பிட்டேன். சொட்டு அல்ல, ஒரு மூடி நிறைய ஊற்றினேன்.

வாயில் விட்டதும் அவள் கண்கள் விரிந்தன. கன்னம் இரண்டும் எச்சிலால் உப்பின. என்னைப் பார்த்தாள். என் காலடியில் இருந்த படிக்கத்தைப் பார்த்தாள். பிறகு கையால் வாசலைக் காட்டினாள்.

"சொல்லிப்போட்டுப் போ" என்றேன். "இண்டைக்கு எப்பிடி?"

வாயில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. விழுங்கினாள்.

"ரொம்ப நல்லாருக்குங்கய்யா."

வாசற்படியைத் தாண்டுமுன் வேர்த்துக் கொட்டியது. அரைக்கும் அறையில் விளக்குமாற்றைப் பிடித்தபடியே சரிந்தாள். வாந்தி, பிறகு வலிப்பு. தோட்டத்து மருந்துக்காரர் பொன்னையா ஓடி வந்து, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பழைய கருவாடு என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியதை யோசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்போது போத்தல் என் மேசையில்தான் இருந்தது. அவளை ஏற்றிய லொறி நோர்வூட் சந்திக்கு வருமுன் உயிர் போய்விட்டது.

பின்னேரம் துரைக்கு இரண்டாவது போத்தலைக் கொடுத்தேன். அருமையாக இருப்பதாகச் சொன்னார். அவருடைய நாக்கைப் பற்றி நான் கொண்டிருந்த அபிப்பிராயம் சரிதான்.

கிருஷாந்தி உங்களுக்கு எழுதிய மனுவைக் காட்டினீர்கள். வெற்றிலைச் சிவப்பு இல்லாத அம்மாவின் வாயில் புகையிலை நாறியது என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழை இல்லை. பலகை வாசித்த பிள்ளை அல்லவா.

கொலை என்று எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. அட்டை செத்ததைப் பார்த்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். கருவாடு என்றது பொய். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். படிக்கம் அவளுக்கு ஓர் அடி தூரத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் துப்ப விட்டிருப்பேன்.