வெயில் கேட்காத செடிகள்

குளியலறையில் செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, தங்களுக்குப் பிடித்த செடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. ரோஜாவை வைத்துவிட்டு, மொட்டு உதிர்கிறதே என்று புலம்புவார்கள். அந்த இடத்துக்கு எது ஒத்துப்போகும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஈரம் பொறுக்க வேண்டும், சோப்பு வாடை பொறுக்க வேண்டும், வெயில் கேட்டு அடம் பிடிக்கக் கூடாது. நீங்கள் கை கழுவப் போனபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நின்று பார்ப்பார்கள்.

அந்தக் குளியலறையைக் கட்டியவர் என் வீட்டுக்காரர் கலியபெருமாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சைகோன் வரைக்கும் போய் வந்த சொல்தா. தெருவில் எல்லோரும் கொல்லையில் கீற்றுத் தட்டி மறைவில் குளித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளேயே வெள்ளை டைல்ஸ் பதித்து, முகம் கழுவத் தொட்டியும் பெரிய கண்ணாடியும் வைத்துக் கட்டினார். ஜன்னல் மட்டும் வைக்கவில்லை. மேலே கண்ணாடி போட்ட ஒரு சின்னத் துவாரம், அவ்வளவுதான். ஒரு வருஷம்கூட அதில் நிம்மதியாகக் குளிக்காமல் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அப்போது ஆரம்பித்ததுதான் இந்தச் செடிகள்.

பெரணி, மருள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளான்ட். வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச் செடி ஒன்று இருக்கிறதே, அது கொளஞ்சி கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு அம்மாள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது அவளிடம் கொடுத்திருக்கிறாள். “நெழலுலயே வளருமாம், ஒனக்குத்தான் ஆவும்மா” என்று என்னிடம் வைத்துவிட்டுப் போனாள்.

அதில் ஒரு அழுகல் இலையைக் கொளஞ்சி ஒரு நாள் கிள்ளினாள். கிள்ளிய கையோடு கண்ணோர வேர்வையைத் துடைத்துவிட்டாள். கண் வீங்கி மூடிக்கொண்டது. ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வேறு யாராவது இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. தன் சாற்றில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்.

மூத்தவன் ராஜாங்கம் வயசு வந்ததும் மிலித்தேருக்குப் போனான். எங்களைப் போலப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற வீடுகளில் அது சகஜம். கான்சல் ஆபீசில் பேர் கொடுத்து, உடம்புச் சோதனையில் தேறிவிட்டால் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். “போயிட்டு வந்துடுறம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வரவும் வந்தான், பல வருஷம் கழித்துப் பெண்டாட்டியோடு. கடற்கரையில் ஓட்டல் எடுத்துத் தங்கினான். அந்தப் பெண் என் குளியலறையைப் பார்த்து ‘திரே ஜோலி, திரே ஜோலி’ என்றாள். ரொம்ப அழகாக இருக்கிறதாம். அதில் குளித்து வளர்ந்தவன் ஓட்டலில் போய்க் குளித்தான். இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு எனக்கு இருந்தது வடிவேல் ஒருவன்தான். பெரிய மார்க்கெட்டில் நான் மீன் பேரம் பேசி முடிக்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். மற்றப் பிள்ளைகள் அவனை அம்மாக்கோண்டு என்று கேலி பேசுவார்கள். அவனும் ஒரு நாள் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

“அண்ணன் மாரி இருக்க மாட்டம்மா. மிலித்தேர் முடிஞ்சதும் வந்துடுறேன்.”

“கண்ணுக்கெல்லாம் கூடவா சோதன வெப்பாங்க?”

“கண்ணுதாம்மா மொதல்ல.”

சோதனைக்கு முந்தின நாள் அந்தச் செடியில் ஒரு இலை வெட்டினேன். அவன் முகம் கழுவியதும் துண்டு எடுத்துக் கொடுப்பது சின்ன வயசிலிருந்தே நான்தான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

துடித்துப்போனான். அதை நான் மறைக்க மாட்டேன். தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினேன். பக்கத்துத் தெருவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னேன். மறுநாள் நானே அவன் கையைப் பிடித்துச் சோதனைக்கு அழைத்துப் போனேன். குணமானதும் வரச் சொன்னார்கள். குணமாயிற்று. மறுபடியும் தேதி கொடுத்தார்கள். அவர்கள் தேதி கொடுக்காமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், ஐயா. மூன்றாம் முறைக்குப் பிறகு கண் தெளியவே இல்லை. கருவிழி மேல் கஞ்சி படிந்ததுபோல் ஆகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. தேதி தப்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். வெளிச்சம் பட்டால் அவனுக்குக் கண் எரியும். அதனால் குளியலறையில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தேன். அங்கே குளுமையாக இருக்கும். இலை மேல் சோப்புப் படலம் படிந்தால் செடிக்கு மூச்சு முட்டும், ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட வேண்டும். வேலையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டான். அந்தப் புள்ளி இலைச் செடியை மட்டும் அவனைத் தொட விடவில்லை. அதில் எனக்கு எப்போதும் கவனம் உண்டு.

“கடல் பக்கம் ஒருக்கா போவலாம்மா” என்று சில நாள் கேட்பான். “உப்புக்காத்து கண்ணுக்கு ஆவாதுடா” என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். இந்த வீட்டில் எந்தக் கதவையும் நான் பூட்டி வைத்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவனோடு படித்த அரிகிருஷ்ணன் மில்லில் வேலை பார்க்கிறான். அவன்தான் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து, மதராஸில் ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றான். வேண்டாம் என்று ஒரு தாய் எந்த வாயால் சொல்வாள்? கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். செத்துப்போன யாரோ ஒரு புண்ணியவானின் கண்ணிலிருந்து எடுத்து, இவனுடைய இடது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். “முடியெல்லாம் நரைச்சிப்போச்சேம்மா ஒனக்கு” என்றான். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் பொய் இல்லை. பிறகு குளியலறைக்குள் போய், அத்தனை நாள் கையால் தடவிக்கொண்டிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிரித்தான். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்தேன்.

கொஞ்ச நாள் அப்படியே இருந்திருக்கலாம். அவன் இருக்கவில்லை. அரிகிருஷ்ணனிடம் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

“மிலித்தேருக்கு இனிமே எடுக்க மாட்டான். அண்ணனுக்கு எழுதிப் போட்டா அங்க எதனா ஒரு வேல பாத்துக் குடுக்கும். எத்தினி வருசம் இந்த நாலு செவுத்துக்குள்ளயே கெடக்குறது?”

“அம்மாவ என்னா பண்ணுவ?”

“கொளஞ்சி பாத்துக்கும்டா.”

நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. இந்த வீடு உங்களுக்கு விசாலமாகத் தெரியலாம், ஐயா. போட்டோவில் இருக்கிற புருஷனோடும் கடிதம் எழுதாத பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். சுவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நெருங்கி வரும். எனக்குப் பயம், ஐயா. வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்கத் தெரியவில்லை. அவனுடைய நாலு சுவர்தானே எனக்கும் நாலு சுவர். அவன் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.

மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் வாசலில் நிற்கிறான்.

“ஏம்மா நல்ல எலைய வெட்டுற?”

“பழுத்துப்போச்சுடா.”

“பச்சையாத்தானம்மா இருக்கு.”

கண் தெரியாதவனிடம் பேசிப் பேசி எனக்குப் பழகிவிட்டது. அதனால் அப்படி வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தான். துண்டை நீட்டினேன். என் முகத்தையே பார்த்தான். பிறகு வாங்கித் துடைத்துக்கொண்டான்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு போட்டால் தட்டைத் தள்ளிவிடுவான், கொளஞ்சி வந்து போட்டால் சாப்பிடுவான். நான் கையைப் பிடித்தால் உதறுவான். கோபம் இருக்கும்தானே. ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு பேரும் இங்கேதான் இருக்கப் போகிறோம், அவசரம் ஒன்றும் இல்லை என்று இருந்தேன்.

இன்றைக்குக் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அரிகிருஷ்ணன் கூட்டிப்போயிருப்பான் என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். முன்பு மூன்று தடவையும், போன மாதம் ஒரு தடவையும். என் பிள்ளையின் கண்ணைக் கெடுத்தது நான்தான். கையெழுத்து வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்.

ஆனால் நீங்கள் சொல்கிற ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவராகத் தடவிக்கொண்டு, வழியில் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, தன்னந்தனியாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான் என்கிறீர்கள். இருக்காது, ஐயா. நம் வாசல்படி எங்கே முடிகிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அரிகிருஷ்ணன் மில்லில் இருக்கிறான் என்கிறீர்கள், கொளஞ்சியும் கூட்டி வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் வேறு யாரோ. முன்பின் தெரியாதவர்கள் அவனை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன ஆவது? வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றானா? காலையிலிருந்து சாப்பிடவில்லை, பசியில் ஏதாவது பேசியிருப்பான். கொஞ்சம் இருங்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். நான் எப்போது வந்து கையைப் பிடிப்பேன் என்றுதான் அங்கே உட்கார்ந்திருப்பான்.