புழுதி நாளில் கோளாறு இல்லை

இனாஸ்: ...அதனாலதான் சொல்றேன், நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க ரிஃபாத் அண்ணே.

ரிஃபாத்: மணி நாலுகூட ஆகலையே. ஆத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு என்னைத் துரத்தறியா?

இனாஸ்: நீங்க ஷுப்ரா ஆபீஸ்ல இருக்கற வரைக்கும் அது வராது. நாப்பத்தோரு நாளா எழுதி வெச்சிருக்கேன்.

ரிஃபாத்: எது வராது?

இனாஸ்: கோளாறு! வேற எது, மாப்பிள்ளையா?

ரிஃபாத்: அதுவும்தான் வரமாட்டேங்குது. உங்க அம்மா போன வாரம்கூட போன்ல...

இனாஸ்: அண்ணே!

ரிஃபாத்: சரி சரி. சொல்லு.

இனாஸ்: ஞாயிறும் புதனும் உங்களுக்குச் சாயங்கால டியூட்டி. அந்த ரெண்டு நாள்ல ஒரு தடவைகூட வந்ததில்ல. மத்த நாள்ல நாலரை, அஞ்சு மணிக்குத் தொடர்பு டப்புனு போகும். கொஞ்ச நேரத்துல தானா வந்துடும். யாரும் தொடவே வேணாம். ஷௌகி சார் என்ன சொல்றாரு தெரியுமா? ரிஃபாத்துக்குக் கைராசி, அவன் பக்கத்துல இருந்தா மெஷின் அடங்கிக் கிடக்குதுன்னு.

ரிஃபாத்: மேனேஜர் வாயால பாராட்டா! எழுதி வாங்கிக்கோ.

இனாஸ்: சிரிங்க. ஆறு மணிக்கு எனக்குச் சங்கு. காரணத்தைக் கண்டுபிடிக்கலைன்னா இம்பாபா அறையைப் பூட்டறேன், உன் வேலையும் அதோட சரின்னுட்டாரு.

ரிஃபாத்: அவர் அப்படித்தான் கத்துவாரு. மனசு நல்ல மனசு.

இனாஸ்: பூட்டுக்கு மனசு கிடையாது அண்ணே. வாங்கியே வெச்சுட்டாரு. புதுப் பூட்டு, பாயூமி மாமாகிட்ட கொடுத்தனுப்பிட்டாரு.

ரிஃபாத்: வாட்ச்மேன்கிட்டயா... நிஜமாவா?

இனாஸ்: நிஜமாதான். சாருக்கு நேத்து புரியற மாதிரி சொன்னேன். "சார், ஷுப்ரால இருக்கற சர்வர் அக்கா. இங்க இருக்கறது தங்கச்சி. நம்ம மருந்துக்கடைங்கள்ல என்ன வித்தாலும் அக்கா எழுதுவா, தங்கச்சி பார்த்து அப்படியே எழுதிக்குவா. அக்காவுக்கு ஒண்ணு ஆயிட்டா தங்கச்சி பொறுப்பெடுக்கணும். இப்ப என்னன்னா, நடுவுல ரேடியோ தொடர்பு போனதும் அக்கா செத்துட்டான்னு தங்கச்சி சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கறா. அக்கா அங்க குத்துக்கல்லாட்டம் இருக்கா. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதறாங்க"ன்னேன்.

ரிஃபாத்: நல்லாத்தானே சொல்லியிருக்கே. அதுக்கு?

இனாஸ்: "எங்க வீட்லயும் இதே கதைதான்"னு சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டுப் பூட்டறேன்னாரு.

ரிஃபாத்: ம்...

இனாஸ்: அவரைக் குத்தம் சொல்லவும் முடியல. போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா, குழந்தைக்கு வலிப்பு மருந்து. திரையில ஆறு பாட்டில்னு காட்டுச்சாம். ரெண்டு மைக்ரோபஸ் மாறி வந்திருக்காங்க. கடையில ஒண்ணும் இல்ல. அங்கேயே தரையில உக்காந்துட்டாங்களாம்.

ரிஃபாத்: கேள்விப்பட்டேன். ராத்திரி சோறு இறங்கலை எனக்கு.

இனாஸ்: உங்களுக்கு ஏன் இறங்கலை? நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்.

ரிஃபாத்: ...சும்மா. மனுஷன்தானே. வயரை மாத்திப் பார்த்தியா?

இனாஸ்: ரெண்டு தடவை.

ரிஃபாத்: கரண்டு?

இனாஸ்: கரண்டு, சுவிட்ச், ஆன்டெனா தட்டோட மூக்கு, எல்லாம் மாத்தியாச்சு. இன்னொரு கூத்து கேளுங்க. நடுவுல நாலு நாள் கமாசீன் காத்து அடிச்சுதே, எதிர்வீடு தெரியாத புழுதி? ரேடியோ அன்னிக்குத்தானே சொதப்பணும்? ஒரு கோளாறும் இல்ல. பளிச்சுனு வெயில் அடிக்கற அன்னிக்குத்தான் வருது. உலகத்துல எங்கயாவது உண்டா?

ரிஃபாத்: வெயில்ல... தட்டு சூடாகும்.

இனாஸ்: மத்தியானம் ரெண்டு மணிக்குச் சூடாகாதது அஞ்சு மணிக்குத்தான் சூடாகுமா?

ரிஃபாத்: மெதுவாச் சூடாகற தட்டா இருக்கும்.

இனாஸ்: இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் உங்களுக்கு! பேசாம நான் மொட்டைமாடி ஏறி, தட்டு பார்க்கற திசையிலயே பார்த்துடறேன். ஆத்தைத் தாண்டி உங்க ரோத் எல் ஃபராக் வீடுங்க மேலதானே போகுது.

ரிஃபாத்: வேணாம் வேணாம்! ஏழு மாடி. லிஃப்ட் ஓடலை. வெயில் வேற.

இனாஸ்: வெயில் என்னைத் தின்னுடுமா?

ரிஃபாத்: கைப்பிடிச் சுவர்கூட இல்லாத மாடி. சொன்னாக் கேளு. அது என்ன சத்தம் அங்க? குர்ரு... குர்ருங்குது?

இனாஸ்: ஃபேன் அண்ணே. எண்ணெய் விடணும்.

ரிஃபாத்: ஃபேன் இப்படியா கத்தும்...

இனாஸ்: பழைய ஃபேன். நீங்க கிளம்புங்க. தங்கச்சி தானா பொறுப்பெடுக்காதபடி இன்னிக்குக் கட்டிப் போட்டிருக்கேன். தொடர்பு அறுந்தாலும் எந்தக் கடைக்கும் பாதிப்பில்ல. போறதும் வர்றதும் எனக்குத் திரையில தெரிஞ்சாப் போதும். நீங்க வீட்டுக்குப் போய், தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க.

ரிஃபாத்: தினம் என்ன செய்வேன்? ஒண்ணும் செய்யமாட்டேன். டீ குடிப்பேன்.

இனாஸ்: அப்ப டீ குடிங்க.

*

இனாஸ்: அலோ... வீட்டுக்கு வந்துட்டீங்களா?

ரிஃபாத்: வந்து ஒரு மணி நேரமாச்சு. என்னாச்சு அங்க?

இனாஸ்: என்ன ஆகும், ஒண்ணும் ஆகலை. மணி அஞ்சே கால். வெயில் இருக்கு, புழுதி இல்ல, நீங்களும் ஆபீஸ்ல இல்ல. ஆனா கோடு அசையாம நேரா ஓடுது. அத்தனை நாளா என்னைப் படுத்திட்டு, வியாழக்கிழமையிலேர்ந்து ஒழுக்கசீலி ஆயிடுச்சு, இன்னிக்கும் அப்படியே.

ரிஃபாத்: நல்லதுதானே? சரியாப் போச்சுன்னு சொல்லிடேன்.

இனாஸ்: காரணம் கேப்பாரே. இதுக்கு முன்னாடி மூணு தடவை சரியாப் போச்சுன்னு சொல்லி மூக்கு அறுபட்டாச்சு. டீ குடிச்சீங்களா?

ரிஃபாத்: குடிச்சேன்.

இனாஸ்: தினம் செய்யறது வேற எதுவும் இல்லையே?

ரிஃபாத்: ...இல்ல.

இனாஸ்: சரி அண்ணே. என் டீ கிளாஸைக் கழுவிப் பையில வெச்சுட்டேன். சால்வையும் எடுத்தாச்சு. பாயூமி மாமா கீழ பூட்டோட நிக்கறாரு, என் முகத்தைப் பார்க்கமாட்டேங்கறாரு. வருத்தம் ஒண்ணுமில்ல. நல்ல இடம் இது. நல்ல காத்து.

ரிஃபாத்: அப்படிப் பேசாதே.

இனாஸ்: வேற எப்படிப் பேசறது? நீங்கதான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தீங்க. அதுக்காவது ஒரு நன்றி...

ரிஃபாத்: இனாஸ். திரையைப் பாரு.

இனாஸ்: என்ன?

ரிஃபாத்: கண்ணை எடுக்காம பாரு. இரு... ஹா... ம், இப்ப?

இனாஸ்: அண்ணே! போயிடுச்சு! தொடர்பு போயிடுச்சு!

ரிஃபாத்: இப்ப?

இனாஸ்: வந்துடுச்சு!

ரிஃபாத்: இப்ப?

இனாஸ்: போச்சு! வல்லாஹி, சத்தியமா மறுபடியும் போச்சு! என்ன பண்றீங்க அங்க?

ரிஃபாத்: கதவைத் திறந்து மூடறேன்.

இனாஸ்: எந்தக் கதவை?

ரிஃபாத்: புறாக்கூண்டுக் கதவை. எங்க மாடியில... மரக்கோபுரம் கட்டி அஞ்சாறு வருஷமா புறா வெச்சிருக்கேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. பாஷ்முஹந்திஸ் பாஷ்முஹந்திஸ்னு மரியாதையாக் கூப்பிடறாங்க. அந்த இன்ஜினியர் கோபுரம் ஏறிக் கொடி ஆட்டிப் புறா விடறான்னு தெரிஞ்சா சிரிச்சே கொன்னுடுவாங்க.

இனாஸ்: கதவு எப்படி அண்ணே...

ரிஃபாத்: தகரம் அடிச்ச கதவு. தூக்கினா மேல்பக்கமா செங்குத்தா நிக்கும். உன் தட்டுக்கும் ஆபீஸ் தட்டுக்கும் நடுவுல நேரா நிக்குது போல. சாயங்காலம் புறா விடறப்போ தூக்குவேன், கூட்டம் இறங்கினதும் மூடுவேன். புழுதி அடிச்சா விடமாட்டேன். டியூட்டி இருந்தா விடமாட்டேன்.

இனாஸ்: வேலியே பயிரை மேஞ்சிருக்கு.

ரிஃபாத்: திட்டு. நல்லாத் திட்டு.

இனாஸ்: எப்ப தெரியும் உங்களுக்கு?

ரிஃபாத்: வியாழக்கிழமை. நீ போன்ல கோளாறு நேரத்தையெல்லாம் படிச்சே பாரு, அப்பவே புரிஞ்சுடுச்சு. அன்னியிலேர்ந்து கதவைத் திறக்கலை. இனிமே வராது, அப்படியே அமுங்கிடும்னு நினைச்சேன். நீ கிளாஸைக் கழுவி வெச்சுட்டேன்னு சொன்னதும்... வெக்கமாப் போச்சு இனாஸ். ஷௌகி சாருக்கு நானே போன் பண்றேன். கோபுரத்தையும் இன்னிக்கே பிரிச்சுடறேன்.

இனாஸ்: இருங்க, இருங்க. அஞ்சாறு வருஷமா இருக்குங்கறீங்க. கோளாறு நாப்பது நாளாத்தானே?

ரிஃபாத்: அப்பதான் மூணு மீட்டர் உசத்தினேன். எல்லாம் அந்தத் திருட்டுப் பயலால!

இனாஸ்: எந்தப் பயல்?

ரிஃபாத்: உங்க இம்பாபா கரையிலதான் இருக்கான். பச்சைக் கொடி காட்டுவான். என் கூட்டம் ஆத்து மேல சுத்தறப்போ தன் கூட்டத்தை உள்ள விட்டு மயக்கி இறக்கிடுவான். ரெண்டு போச்சு. அவனுக்கு மேல நிக்கணும்னு உசத்தினேன். உசத்தியும் மூணு வாரத்துக்கு முன்னாடி மூணாவதையும் அடிச்சுட்டான். வெள்ளைவால்! என் கூட்டத்துக்கே ராணி.

இனாஸ்: போய்க் கேக்கலாமே.

ரிஃபாத்: அய்யய்யோ! பிடிச்சது பிடிச்சவனுக்கு, அதுதான் புறாக்காரன் சட்டம். கேட்டா அசிங்கம். ஆனா அவன் கெட்டிக்காரன், ஒத்துக்கறேன். அவன் விசில் அடிச்சா என் புறாவே திரும்பிப் பார்க்குது.

இனாஸ்: அவன்னு எப்படிச் சொல்றீங்க?

ரிஃபாத்: பின்ன? புறா விடற பொம்பளையை எங்க பார்த்திருக்கே?

இனாஸ்: அதுவும் சரிதான்.

ரிஃபாத்: பாவம், என்ன போடறானோ. அவளுக்குப் பட்டாணின்னா உசுரு. நான் கையில வெச்சு ஒண்ணொண்ணா...

இனாஸ்: பட்டாணியா? பட்டாணியை மோந்துகூடப் பார்க்கமாட்டேங்கறா. மக்காச்சோளம்தான் திங்கறா.

ரிஃபாத்: இனாஸ்.

இனாஸ்: சொல்லுங்க அண்ணே.

ரிஃபாத்: அந்த ஃபேன் சத்தத்தை இன்னொரு தரம் கேக்கணுமே.

இனாஸ்: கேளுங்க... கேட்டுச்சா? வெள்ளைவால்தான், இங்க என் மேஜைக்கு அடியில. கோபுரத்தைப் பிரிச்சுடாதீங்க அண்ணே. நானும் வியாழக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன். வெள்ளைவால் கால் வளையத்துல உங்க போன் நம்பர் இருந்துச்சு, அன்னிக்குத்தான் அழுக்கைத் துடைச்சுப் படிச்சேன். அப்புறம் எதிர்க்கரையில தகரம் பளபளத்த நேரத்தையெல்லாம் நினைச்சுப் பார்த்தா நோட்டுல எழுதின நேரம்! ஆனா யார்கிட்ட சொல்றது? எங்க நின்னு பார்த்தேன்னு ஷௌகி சார் கேப்பாரே. கம்பெனி மாடியில, கம்பெனி கம்பத்துலயே சாத்திக் கூண்டு கட்டியிருக்கேன். அந்தப் பச்சைக் கொடி எங்க அம்மாவோட பழைய திரைச்சீலை. தேள் கொட்டின திருடனாட்டம் வாயை மூடிக்கிட்டு, நீங்களாச் சொல்லமாட்டீங்களான்னு அஞ்சு நாளாக் காத்துக்கிட்டிருந்தேன். ஷௌகி சாருக்கு இப்பதான் ரெண்டு வரி அனுப்பினேன், வழியில தடை, தட்டை உசத்தினாச் சரியாயிடும்னு. "சரி, நாளைக்கே செய், பூட்டைத் திருப்பி அனுப்பு"ன்னுட்டாரு. தட்டை என் கூண்டு உச்சியில கட்டிடலாம், உங்க கதவுக்கு மேல போயிடும். காலையில ஸ்பேனரோட வாங்க. ஆனா வெள்ளைவாலை மட்டும் இப்பக் கேக்காதீங்க, என் சாம்பல் ஆண்புறாவோட ஜோடி சேர்ந்து நாலு நாளா ரெண்டு முட்டை மேல உக்காந்திருக்கா. மாப்பிள்ளை வரலை வரலைன்னீங்களே, வந்தாச்சு. சம்பந்தி வீட்டுக்கு வர்றீங்க, வெறுங்கையோட வராதீங்க. உங்க பட்டாணியையே கொண்டு வாங்க, உங்க கையாலன்னா திங்கறாளான்னு பார்ப்போம்.