முப்பத்தெட்டு மீட்டர்

கொர்னேல்: அந்த முட்டைக்கோஸ் ஊறுகாய் பீப்பாயைக் கொஞ்சம் நகர்த்தினீங்கன்னா இன்டர்நெட் கேபிளுக்குச் சுவத்துல துளை போட்டுடுவேன், மேடம். அரை மணி நேர வேலைதான்.

ரலூகா: பீப்பாய் நகராது. உப்புத்தண்ணி ஊத்தி நாலு நாள்தான் ஆச்சு. முதல்ல நீங்க சொல்லுங்க, உங்க கம்பெனி எதுல ஒசத்தி?

கொர்னேல்: எல்லாத்துலயும்தான்.

ரலூகா: முந்தாநாள் வேற கம்பெனியிலேர்ந்து வந்தவரும் அதையேதான் சொன்னார். போன வாரம் வந்தவரும் அதேதான். மூணு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சீங்களா?

கொர்னேல்: சரி... உங்களுக்கு எதுக்கு வேணும்? படம் பார்க்கவா?

ரலூகா: விளையாட. விளையாடுறதை அப்படியே லைவா போட. சாயங்காலம் நாப்பது பேர் பார்க்குறாங்க.

கொர்னேல்: நாப்பது பேருக்கா மூணு கம்பெனியைக் கூப்பிட்டீங்க?

ரலூகா: நாப்பது பேரும் வாயாடிங்க, அண்ணே. படம் ஒரு நொடி நின்னா என் மானத்தை வாங்கிடுவாங்க.

கொர்னேல்: அப்போ கேட்டுக்குங்க. இறக்குற வேகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, அது எல்லார்கிட்டயும் இருக்கு. லைவ் போடுறவங்களுக்கு ஏத்துற வேகம்தான் முக்கியம். முந்தாநாள் வந்தவர் அதைச் சொல்லியிருக்க மாட்டாரே?

ரலூகா: சொல்லலை.

கொர்னேல்: சொல்ல மாட்டாங்க. விளையாட்டுக்கு அதுவும் பத்தாது, பிங் வேணும். நீங்க அழுத்துறது அங்க போய்ச் சேர்ந்து திரும்பி வர்ற நேரம். எங்ககிட்ட எட்டு, ஒன்பது மில்லிசெகண்ட்தான் இருக்கும். அதுக்குக் கீழ இந்த ஊர்ல எவனும் தர மாட்டான்.

ரலூகா: எனக்கு ஒரு ஆள்கூட விளையாடும்போது பூஜ்யம் வருது.

கொர்னேல்: வராது.

ரலூகா: வருது. தினம் வருது.

கொர்னேல்: மேடம்... பூஜ்யம்னா தூரமே இல்லைன்னு அர்த்தம். அந்த ஆள் இந்த வீட்டுக்குள்ள உக்காந்து விளையாடணும்.

ரலூகா: இந்த வீட்டுல என்னைத் தவிர யாரும் இல்லை.

கொர்னேல்: அப்போ மெஷின் தப்பாக் காட்டுது. விடுங்க, ஃபைபர் போட்டதும் சரியாயிடும். கையெழுத்து மட்டும் இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு...

ரலூகா: போடுறேன். ஒரு நிபந்தனை இருக்கு. ஜன்னல் சட்டத்தைத் துளைச்சு ஒரு சாம்பல் கேபிள் உள்ள வருது பாருங்க, அது எங்க போகுதுன்னு நீங்க சொல்லணும். சொன்னாத்தான் கையெழுத்து.

கொர்னேல்: இதா? இது குப்பை, மேடம். பழைய தெரு நெட்வொர்க் கேபிள். கம்பெனிங்க வர்றதுக்கு முன்னாடி பசங்களே பிளாக்குக்கு பிளாக் மொட்டைமாடி வழியா இழுத்துப்பாங்க. நூறு வீடு ஒரே கேபிள்ல தொங்கும். இருங்க, பிடுங்கிப் போட்டுடுறேன்.

ரலூகா: பிடுங்காதீங்க.

கொர்னேல்: எதுக்கு? செத்த கேபிள்.

ரலூகா: செத்த கேபிளா? அது சொருகியிருக்கிற பெட்டியைப் பாருங்க.

கொர்னேல்: ...லைட் எரியுது.

ரலூகா: போன மாசம் தானா எரிய ஆரம்பிச்சுது.

கொர்னேல்: கரண்ட் வந்ததுக்கு எரியுற லைட்டா இருக்கும்.

ரலூகா: அது பக்கத்துல இருக்கு, சிவப்பு. இது பச்சை.

கொர்னேல்: அப்போ அந்த முனையில யாரோ இருக்காங்க. எதிர் பிளாக்ல யாராச்சும் பழசைத் தூசி தட்டி எடுத்திருப்பான். சோதிக்குற கருவி பையில இருக்கு... ஒரு நிமிஷம். இப்படிக் கழட்டி, இதுல சொருகி... ம்.

ரலூகா: என்ன சொல்லுது?

கொர்னேல்: முப்பத்தெட்டு மீட்டர்னு காட்டுது.

ரலூகா: அந்தப் பக்கம் யாரு இருக்கா?

கொர்னேல்: யாரும் இல்லை. முனை சும்மா இருக்கு. முப்பத்தெட்டு மீட்டர்ல கேபிள் அறுந்து காத்துல கிடக்குது.

ரலூகா: திரும்ப என் பெட்டியில சொருகுங்க.

கொர்னேல்: சொருகிட்டேன்.

ரலூகா: பச்சை எரியுதா?

கொர்னேல்: ...எரியக் கூடாது.

ரலூகா: எரியுதான்னு கேட்டேன்.

கொர்னேல்: எரியுது. ரெண்டு பக்கமும் மெஷின் இருந்தாத்தான் இது எரியும், மேடம். பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்குறேன்... இப்படிப் பார்த்ததில்லை.

ரலூகா: உக்காருங்க. காபி ஆறுது. இந்தப் பக்கம் இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?

கொர்னேல்: இந்தப் பேட்டைக்கா? இல்லை. நான் ரயிலடிப் பக்கத்து ஆள்.

ரலூகா: முப்பத்தெட்டு மீட்டர்னா எங்க முடியும்?

கொர்னேல்: இது எட்டாவது மாடி. மேல ஏற ஒன்பது, பத்து மீட்டர் போகும். மிச்சம் மொட்டைமாடியில... புகைபோக்கிகிட்ட. ஓரம் இடிஞ்சு செங்கல் தெரியுமே, அதுகிட்ட.

ரலூகா: மொட்டைமாடியைப் பார்த்த மாதிரி சொல்றீங்களே.

கொர்னேல்: எல்லா பிளாக்கும் ஒரே அச்சுதானே.

ரலூகா: அந்த இடிஞ்ச ஓரத்தை 2005லயே பூசிட்டாங்க, கொர்னேல் அண்ணே. போன மாசம்தான் மேல போய்ப் பார்த்தேன். செங்கல் எதுவும் தெரியலை.

கொர்னேல்: ...எங்கயோ பார்த்ததை மாத்திச் சொல்லியிருப்பேன். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு. யோசிச்சுட்டு போன் பண்ணுங்க.

ரலூகா: நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அந்தப் பூஜ்யத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. மெஷின் தப்பாக் காட்டுதுன்னு சொன்னீங்களே.

கொர்னேல்: இன்னொரு நாள் பார்க்குறேன்.

ரலூகா: பயமா?

கொர்னேல்: எனக்கென்ன பயம்.

ரலூகா: அப்போ உக்காருங்க. இதுதான் விளையாட்டு, இருபது வருஷத்துப் பழசு. இங்க வரிசையாப் பேர் வரும், பக்கத்துல பிங். முதல் பேர் நான். இரண்டாவதைப் படிங்க.

கொர்னேல்: எழுத்து சின்னதா இருக்கு.

ரலூகா: கண்ணாடி மறந்துட்டீங்களா?

கொர்னேல்: ஆந்தை.

ரலூகா: பிங்?

கொர்னேல்: பூஜ்யம். இந்தப் பேரை... யாரு வச்சாங்க?

ரலூகா: அவனே வச்சுக்கிட்டது. எங்கண்ணன் திபேரியூ. பகல்ல தூங்கி வழிவான், ராத்திரி முழிச்சிருப்பான். இந்தப் பேட்டை நெட்வொர்க்கையே அவன்தான் இழுத்தான். 2003 நவம்பர்ல மொட்டைமாடியிலேர்ந்து விழுந்து செத்தான்.

கொர்னேல்: ...நீ அவன் தங்கச்சியா?

ரலூகா: ஆமா.

கொர்னேல்: சின்னப் பொண்ணா இருந்தியே. சிவப்புத் தொப்பி போட்டுட்டு அவன் பின்னாடியே திரிவ.

ரலூகா: ரயிலடிப் பக்கத்து ஆளுக்கு என் தொப்பி நல்லா ஞாபகம் இருக்கு.

கொர்னேல்: சரி, தெரியும். எதிர் பிளாக்லதான் இருந்தேன். எங்க நெட்வொர்க் வேற, அவனோடது வேற. அவன் எங்க கேபிளை வெட்டுவான், நாங்க அவனோடதை வெட்டுவோம். அன்னைக்கு ஊர்ல எல்லாப் பசங்களும் அப்படித்தான். அவன் செத்தப்போ நான் அழுதேன். நம்பு.

ரலூகா: நம்புறேன். மேல போன அன்னைக்கு அந்த முனையையும் பார்த்தேன். இழுத்து அறுந்த மாதிரி இல்லை. இடுக்கி வச்சு வெட்டின மாதிரி ஒரே சீரா இருந்துச்சு. யார் வெட்டினது?

கொர்னேல்: யாராச்சும் வெட்டியிருப்பாங்க. அவன் போனப்புறம் அந்த நெட்வொர்க்கே சிதறிப்போச்சே. ஆளாளுக்குக் கேபிளை வெட்டி எடுத்துட்டுப் போனாங்க.

ரலூகா: போனப்புறமா?

கொர்னேல்: போனப்புறம்தான்.

ரலூகா: எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். முன்னாடியா, பின்னாடியா. வேற எதுவும் வேண்டாம்.

கொர்னேல்: பின்னாடிதான்னு சொல்றேன்ல... நான் கிளம்புறேன். கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

ரலூகா: இருங்க. அவன் ஏதோ எழுதுறான்.

கொர்னேல்: யாரு?

ரலூகா: ஆந்தை. வாய்விட்டுப் படிங்க.

கொர்னேல்: நீயே படி.

ரலூகா: ஒரே ஒரு வார்த்தைதானே.

கொர்னேல்: "யாரது?"

ரலூகா: ஏன் பின்னாடி போறீங்க?

கொர்னேல்: அன்னைக்கும் இதையேதான் கேட்டான். மூடுபனிக்குள்ளேர்ந்து... இதே மாதிரி, ஒரே தடவை. யாரதுன்னு. இது எப்படி இதுல வருது? என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே...

ரலூகா: அப்போ அன்னைக்கு மேல இருந்தீங்க.

கொர்னேல்: இருந்தேன்.

ரலூகா: சொல்லுங்க.

கொர்னேல்: ஆத்துப் பக்கத்து மூடுபனி. நீட்டின கை தெரியலை. உங்க கேபிளை வெட்டிட்டு வான்னு எங்க பசங்க அனுப்பினாங்க. புகைபோக்கி வரைக்கும் தடவிட்டே போனேன். இடுக்கியை வைக்கும்போது குரல் கேட்டுச்சு.

ரலூகா: கேட்டுச்சு.

கொர்னேல்: பதில் சொன்னா மாட்டிக்குவேன், அடி பின்னிடுவான்னு... அவசரமா வெட்டிட்டேன். சும்மா கிடக்குற கேபிளை வெட்டினா அப்படியே கிடக்கும். இது கையைக் கிழிச்சுக்கிட்டு ஓடுச்சு. சர்ருன்னு ஓரத்துப் பக்கம் ஓடுச்சு. அப்பதான் புரிஞ்சுது, அந்த முனையில பாரம் இருக்குன்னு.

ரலூகா: தொங்கிப்போன கேபிளைத் தூக்கிக் கட்ட ஓரத்துல சாய்ஞ்சு நின்னான். கயிறு இல்லை. அதனால மிச்சக் கேபிளையே இடுப்புல கட்டிக்கிட்டான்.

கொர்னேல்: அது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. கேபிளை எவனாச்சும் இடுப்புல கட்டுவானா? ஓடிட்டேன். கீழ ஆளுங்க கூடிச் சத்தம் போடுறதுக்குள்ள எங்க வீட்டுக்குள்ள இருந்தேன். இருபத்தோரு வருஷம் ஆச்சு, எந்த வீட்டு மொட்டைமாடிக்கும் நான் ஏறினதில்லை. வேற ஆளைத்தான் அனுப்புவேன். ரலூகா... அவன்கிட்ட சொல்லு. நான் கேபிளைத்தான் வெட்டினேன்னு சொல்லு.

ரலூகா: அவன் இல்லை, அண்ணே.

கொர்னேல்: இதோ இருக்கானே.

ரலூகா: அது சமையல்கட்டுல இருக்கிற பழைய லேப்டாப். ஆந்தைங்குற பேர்ல நான்தான் உள்ள விட்டு வச்சிருக்கேன். நாலு மணிக்கு அந்த வார்த்தை தானாப் போற மாதிரி வச்சதும் நான்தான். அதனாலதான் பூஜ்யம்.

கொர்னேல்: என்னை... ஏமாத்திட்டியா?

ரலூகா: கேபிள் வெட்டுறவங்கன்னு அவன் பழைய கடிதங்கள்ல உங்க பேரும் இருந்துச்சு. இப்போ நெட் கம்பெனி வேலைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுது, எந்தக் கம்பெனின்னு தெரியலை. அதான் மூணு கம்பெனியையும் கூப்பிட்டு, வந்த ஆள் நீங்க இல்லைன்னதும் திருப்பி அனுப்பினேன்.

கொர்னேல்: ஆனா அந்த வார்த்தை உனக்கு எப்படி...

ரலூகா: ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். லைட் எரிஞ்சதும் கத்துன்னு என்னைக் கீழ அனுப்பியிருந்தான். பச்சை லைட் வருதா வருதான்னு பார்த்துட்டே நின்னேன். அவன் யாரதுன்னு கேட்டது எனக்கும் கேட்டுச்சு. என்னைத்தான் கேட்குறான்னு நெனச்சு, நான்தான்னு கத்தினேன். லைட் வரவே இல்லை.

கொர்னேல்: இப்போ எரியுதே. இந்தப் பச்சை லைட்... இதையும் நீதான் ஏதாவது செஞ்சியா?

ரலூகா: இல்லை. லேப்டாப்புக்குக் கேபிளே கிடையாது. இது எப்படி எரியுதுன்னு எனக்குத் தெரியாது. இது எரிஞ்சப்புறம்தான் மேல போய்ப் பார்த்தேன், உங்களைத் தேடினேன்.

கொர்னேல்: போலீஸைக் கூப்பிடு. கூப்பிட்டுடு. நானே சொல்றேன். அவங்க அன்னைக்கே விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க, உங்கப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு முன்னாடியா பின்னாடியான்னு தெரிஞ்சு உனக்கு என்ன ஆகப் போகுது?

ரலூகா: கீழ கிடந்தப்போ இடுப்புக் கட்டு கலைஞ்சிருந்துச்சு. அது அவுந்துதான் விழுந்தான்னு எல்லாரும் சொன்னாங்க, அண்ணே. அன்னைக்கு மேல போய் அவன் இடுப்புல அந்த முடிச்சைப் போட்டது நான்.