எந்த ‘முடிந்தது’?

அவையை நடத்தும் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன் அவர்களே, கணினி அலுவலகங்களுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் வல்லுநர்களே, வயதாலும் பொறுமையாலும் எங்களுக்கு மூத்த பெரியோர்களே, கடப்பாக்கத்திலிருந்தும் நெம்மேலியிலிருந்தும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே செங்கல்பட்டு வந்து சேர்ந்த தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இணையவழி அரசுச் சேவைகளை மேம்படுத்த எதை முதலில் ஆராய்வது? தலைப்புகள் ஒன்பது, இடம் மூன்றுக்குத்தான். முதலாவது, பதில் பேசும் இயந்திரம். இரண்டாவது, முகம் பார்த்துத் திறக்கும் செயலி. மூன்றாவது, வேகம். ஒன்பதாவதை எத்தனை பேர் படித்தீர்கள்? ‘திரையில் வரும் சொல்லை மனுதாரர் எப்படிப் புரிந்துகொள்கிறார்?’ அந்தக் கடைசி வரிக்காகவே வந்திருக்கிறேன்.

மேடையில் உருகுவது எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கடப்பாக்கத்தில் மீன் விற்பவர் ஆராயி. கணவர் மணிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் நடக்கும். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹபீபா இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் ஆராயியின் கைபேசிக்குச் செய்தி வந்தது: ‘உங்கள் மனு முடிக்கப்பட்டது.’

ஹபீபா வாசித்துவிட்டுச் சிரித்தாராம். “யக்கா, முடிஞ்சிடுச்சிக்கா!”

மறுநாள் ஆராயி மீன் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார்.

“இன்னாக்கா, லஞ்சமா?”

“லஞ்சம் இல்லடி, வஞ்சிரம். எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேசன் ஆவப்போவுது, துன்னு!”

சிரிக்கிறீர்கள். நானும் இந்த இடத்தில் சிரித்தேன்.

அட்டை தபாலில் வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு வாரம் போனது, அட்டை வரவில்லை. ஒரு மாதம் போனது, அட்டை வரவில்லை. மூச்சுத்திணறல் வந்தது, அட்டை வரவில்லை. மருத்துவமனைக்கு ஓடினார்கள். கணினியைப் பார்த்த ஊழியர் சொன்னார்: “அட்டையே இல்லையேம்மா. ரேஷன் கார்டு நகல் தெளிவா இல்லைன்னு மனுவை அப்பவே மூடிட்டாங்க.”

மறுபடி விண்ணப்பித்தார்கள். அது நகரும் முன்னே மணி இறந்துபோனார்.

என்ன ஐயா, பின்வரிசையில்? “ஒரு போன் போட்டுக் கேக்கறதுதானே?” என்கிறீர்கள். கேட்கலாம். முடியவில்லை என்றால் கேட்போம். முடிந்தது என்ற பிறகு யார் கேட்பார்கள்? நீங்கள் கேட்பீர்களா? நான் கேட்பேனா?

அந்த ஆண்டு காப்பீட்டு மனுக்களைப் பார்க்கும் துறை, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மனுக்களை முடித்ததாக அறிக்கை வெளியிட்டது. அந்தத் தொண்ணூற்றாறுக்குள் மணியும் இருக்கிறார்.

இனி நான் மறைக்கக்கூடாத ஒன்று. அந்தச் சொல்லை எழுதியது நான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், இந்த மனுக்களெல்லாம் போகும் அரசு இணையதளத்துக்குச் சொற்கள் எழுதும் குழுவில் இருந்தேன். மறுக்கப்படும் மனுவுக்கு ‘ஏற்கப்படவில்லை’ என்று போடலாம் என்றார் ஒருவர். மனம் நோகுமே என்றேன். மென்மையான சொல் தேடினேன். மேன்மையான சொல் தேடினேன். கொடுத்தாலும் மறுத்தாலும் ஒரே சொல்லாக ‘முடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டினார்கள். மீன் விற்கும் ஒரு பெண்ணிடம் அந்தச் சொல்லைக் காட்டி, “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்டோமா? ஒருவரிடமாவது கேட்டோமா? ஒரே ஒரு நாள் கேட்டோமா?

வேகம் வேண்டும் என்கிறீர்கள். ஒன்பது நாளில் வந்த தவறான சொல் ஒன்பது நொடியில் வந்தால் மணி பிழைத்திருப்பாரா? இயந்திரம் பேசட்டும் என்கிறீர்கள். நான் எழுதிய அதே சொல்லைத்தானே அது இனிய குரலில் சொல்லும்?

ஆராயி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். இன்று காலை, இந்த அரங்கின் வாசலில் கைபேசியை நீட்டினார். அதே செய்தி: ‘உங்கள் மனு முடிக்கப்பட்டது.’

“யம்மா, இது எந்த முடிஞ்சது? குடுத்து முடிஞ்சதா, இல்லன்னு முடிஞ்சதா?”

எழுதியவள் நான். எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பதில் சொல்லத் தெரியாத நாம், வேறு எதை ஆராயப் போகிறோம்? ஒன்பதாவதை முதலாவதாக்குங்கள். சொற்களை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள், கடற்கரைக்குப் போங்கள், கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், பிறகு திரையில் ஏற்றுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என்னைத் திட்டாத ஆராயிக்கும் நன்றி. என் பேச்சு முடிந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.