கையில் வாங்காத புகையிலை

வேணாம் தம்பி, கையில தராதீங்க. மேசை மேலயே வைங்க. புகையிலை குடுத்துத்தான் கேக்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, சரி. அத வாங்கிட்டா நான் பதில் சொல்லியாகணும், அதையும் சொன்னாங்களா? சொல்லலையா. அதானே பாத்தேன். எங்க ஒஜிப்வே பழங்குடி ஜனங்க வழக்கம் அது. வாங்குறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல.

டீயக் குடிங்க. பயப்படாதீங்க, கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணிய நாங்களே குடிக்கிறதில்ல, வந்தவங்களுக்கா குடுப்போம்?

ஏரியில ஊத்து எங்க கிளம்புதுன்னு உங்களுக்குத் தெரியணும். ஊருக்குக் குடிதண்ணி இழுக்குற புதுக் குழாய அங்க போடணும். அவ்வளவுதானே? அப்ப கக்கத்துல என்ன சுருட்டி வச்சிருக்கீங்க? வரைபடமா? அதுல குழாய்க்கு ஏற்கெனவே புள்ளி வச்சாச்சா இல்லையா, உண்மையச் சொல்லுங்க. இல்லைங்கிறீங்க. விரிச்சுக் காட்டுங்க பாப்போம். ம்... காலியாத்தான் இருக்கு. இருக்கட்டும், பென்சில்ல வச்சு அழிச்சிருக்கலாம்ல?

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. இதே சிரிப்பு. உங்க அறிவு ஒரு கை, எங்க கருவி ஒரு கை, ரெண்டும் சேந்தா தண்ணி சுத்தமாயிடும்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க அண்ணன் வெண்டலுக்கு வாயெல்லாம் பல்லு. காலமெல்லாம் அந்த ஏரியில வலை போட்ட ஆளு, அவன்கிட்ட வந்து ஒரு இன்ஜினியர் கேக்குறாருன்னா சும்மாவா! படகுல ஏத்திட்டுப் போயி காட்டினான். இந்தக் குடாவுல போடாதீங்க, பனி உருகுனா சேறு கலங்கும், அந்தப் பாறை மூக்குக்கு அப்பால அடியில ஊத்து இருக்கு, அங்க போடுங்கன்னான். அந்த மனுசன் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. எங்க வீட்டு மீனையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாரு.

குழாய எங்க போட்டாங்க? குடாவுலதான். கரைக்குக் கிட்டக்க இருக்காம், வேலை சுலபமாம். அறிக்கையில மட்டும் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்துன்னு ஒரு வரி. அன்னையிலருந்து குழாய்த் தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் சமையலே. உள்ள அழுவுது பாருங்க, அது வெண்டலோட பேத்தி. குழாய்த் தண்ணி பட்டு உடம்பெல்லாம் தடிப்பு. கேன் தண்ணி வர்ற அன்னைக்குத்தான் அதுக்குக் குளியல்.

வெண்டல் சும்மா விடல, சண்டைக்குப் போனான். நான் உன்ன நம்புறேன் வெண்டல், மேல இருக்கவங்களுக்கு நம்பர் வேணுமேன்னாரு அவரு. கயித்துல கட்டி இறக்குற கருவி ஒண்ணக் குடுத்தாரு. குளிர் காலத்துல ஏரி உறைஞ்சதும் பனிக்கட்டியில ஓட்டை போட்டு ஊத்துக்கு நேரா இறக்கி வை, தண்ணி எவ்வளவு சூடுன்னு அதுவே பதிஞ்சுக்கும், ஊத்து இருக்குன்னு அதுதான் சாட்சின்னாரு.

ஏன், எழுதுறத நிறுத்திட்டீங்க? புரிஞ்சிருச்சு போல. ஆமா. ஊத்து வெதுவெதுன்னு வர்ற இடத்துல மேல பனிக்கட்டி மெலிசாத்தான் இருக்கும். அந்தப் பக்கம் காலே வைக்காதன்னு சொல்லித்தான் இங்க புள்ளைங்கள வளக்குறோம். அவனுக்குத் தெரியாதா? நம்பர் வேணும்னாங்களே, போனான்.

பனி உருகினப்புறம்தான் கிடைச்சான். கருவி கட்டின கயிறு மணிக்கட்டுல சுத்தினது சுத்தினபடியே இருந்துச்சு. அந்த மனுசன் போன்ல மொதல்ல கேட்டதே கருவி எங்கன்னுதான். ஏரியோட போச்சுன்னுட்டேன். போகல. அந்த மாவு டப்பாவுக்குள்ள இருக்கு. இருங்க, எடுக்குறேன். இந்தாங்க, உங்க நம்பர் இதுக்குள்ளதான் இருக்கும்.

உங்கள நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. புள்ள அழுவுது, அதுக்காகத்தான். குடுங்க அந்தப் புகையிலைய. கையிலயே குடுங்க. நாளைக்கு நானே வந்து எடத்தக் காட்டுறேன். மொதல்ல இதுல ஒரு பிடி அங்க தண்ணியில போடணும், அவனுக்குப் படையலா. அப்புறம் ஒண்ணு தம்பி, இந்தத் தடவ அறிக்கையில உள்ளூர் மக்கள்னு எழுதாதீங்க. வெண்டல்னு எழுதுங்க.