பொத்தையன் கிணற்றுத் தண்ணீர்

ரயில் என்ற சொல்லையே யாரும் கேட்டிராத காலமாம். கரிசல் காட்டுக்கு நடுவே நெடுங்கரை என்று ஒரு ஊராம். கிழக்கே தோண்டினாலும் உப்பு, மேற்கே தோண்டினாலும் உப்பு. அந்த ஊரில் பொத்தையன் என்று ஒருத்தர், பிடிவாதக்காரர். ஊர் சிரிக்கச் சிரிக்கத் தோண்டினாராம். தோண்டிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் ஒரு கிணற்றின் கிழக்கு ஊற்றில் நல்ல தண்ணீர் வந்தது. மேற்கே கசிந்த உப்பைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தார். சிரித்த ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒருத்தரையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்புறம் தண்டவாளம் போட வெள்ளைக்காரத் துரை வந்தான். எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமாம்.

"எஞ்சின் குடிக்கட்டும் துரை. எங்க பொம்பளைகளும் எப்பவும்போல இறைச்சுக்கிடுவாக. சம்மதமா?"

துரை தலையாட்டினான். "சம்மதம்கிறார்" என்றான் பேச்சை மொழிமாற்றிச் சொல்ல நின்ற துபாசி.

பொத்தையன் மடியை அவிழ்த்து, வெற்றிலை பாக்கை எடுத்துத் துரை கையில் வைத்தார். வெற்றிலை கை மாறினால் பேச்சு முடிந்தது; தலை போனாலும் மாறக் கூடாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. துரை முகர்ந்து பார்த்தான். வாயில் போட்டான். காறித் துப்பினான்.

பொத்தையன் பெண்டாட்டி மூக்காயி அவர் தோளைப் பிடித்து இழுத்தாளாம். "துப்பிட்டானே!"

"காரமா இருந்திருக்கும். கையில வாங்கிட்டான்ல, விடு."

ஸ்டேஷன் வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. ரயில் வந்தது. கூடவே கிணற்றைச் சுற்றி முள்வேலியும் வந்தது. குடத்தோடு போன மூக்காயியைக் காவல்காரன் பிடித்துத் தள்ளினான். குடம் உடைந்தது. பொத்தையன் துரையிடம் ஓடினார்.

"வெத்தலை வாங்கினீகளே துரை!"

துரை சிரித்தான். துபாசி சொன்னான்: "எந்த வெத்தலைன்னு கேக்கார், பெரியவரே."

அதற்கப்புறம் அவர் யாரையும் கும்பிடவில்லை. கோடையில் ஸ்டேஷன்காரர்கள் கிணறு தூர்வார ஆள் தேடினார்கள். "நான் வெட்டினது, நானே இறங்குறேன்" என்றார். காவல்காரனே கயிறு பிடித்தானாம். இறங்கினவர் தூரும் வாரினார். மேற்கு அடைப்பைக் கடப்பாரையால் பெயர்த்தும் விட்டார். உப்பு உள்ளே வந்தது. எஞ்சின் வயிற்றில் பாளம் பாளமாகப் படிந்தது. ரயில் கும்பினிக்காரன் ஸ்டேஷனைப் பிடுங்கிக்கொண்டு சந்தைமேட்டுக்குப் போனான். பின்னாலேயே பஞ்சுக் கிட்டங்கி போனது, கோர்ட்டு போனது, பள்ளிக்கூடம் போனது. இன்றைக்குச் சந்தைமேடு டவுன். நெடுங்கரையில் பஸ்கூட நிற்பதில்லை.

ஊர் துரையைத் திட்டியதா? இல்லை. மூக்காயியின் கூடப்பிறந்த தம்பி கொண்டையனே வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், உம்ம வீம்புக்கு எங்க பிள்ளைக உப்புக் குடிக்கணுமா?"

"வேலி போட்டப்போ மட்டும் இனிச்சுச்சாக்கும்?"

"வேலி என்னைக்காச்சும் விழுந்திருக்கும். போன ஊத்து வருமா?"

பொத்தையன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாராம்.

ஊர்க்காரர்கள் தூரத்திலிருந்து வண்டி கட்டித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு செம்பு கொடுக்கவில்லை. அந்த உப்பையே குடித்து அவர் காலம் தள்ளினார். சாகக் கிடந்தபோதும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மூக்காயிதான் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து வாயை நனைத்தாள்.

"நீங்க வெட்டினது. குடிச்சுட்டுப் போங்க."

வருஷங்கள் கழித்துக் கொண்டையன் படுத்தான். பிள்ளைகள் பால் கொண்டு வந்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டானாம். "மச்சான் கிணத்துத் தண்ணி" என்று மட்டும் கேட்டானாம். அதை ஊற்றின பிறகே உயிர் அடங்கியதாம்.

அன்றிலிருந்து வந்த வழக்கம் இது. நெடுங்கரை வம்சத்தில் யார் சாகக் கிடந்தாலும் பொத்தையன் கிணற்றிலிருந்து ஒரு வாய் உப்புத் தண்ணீர் போயாக வேண்டும். சந்தைமேட்டில் மாடிவீடு கட்டினவனும் அன்றைக்குக் கார் போட்டுக்கொண்டு வருவான். பாட்டிலில் மொண்டுகொள்வான். பொத்தையன் வம்சமான எங்கள் வாசல் வழியாகத்தான் திரும்பிப் போவான், நிமிர்ந்து பார்க்காமல்.