பொரித்த புழு சொன்ன சாட்சி

ஆய்வுக்காக உயிர்விட்ட ஆயிரமாயிரம் புழுக்களின் ஆன்மாக்களே! அவற்றுக்குப் புண்ணியம் சேர்க்க ஆண்டுதோறும் எழுந்தருளும் துறவியர் பெருமக்களே! தலைமை தாங்கும் பேராசான், முப்பத்தொன்பது புழுக்களை முழுதாக ஏப்பம் விட்ட ஆஜான் பிரசெர்த் அவர்களே! மூத்தோரே! சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நிற்கும் தாய்மாரே! சோதனைக்கூட ஊழியர் துவாங்போன் வணங்குகிறேன்.

அதற்குள் சிரித்தால் எப்படி? விஷயத்துக்கே நான் இன்னும் வரவில்லை!

நோய் தரும் பூஞ்சை வாளெடுத்தா வருகிறது? வேலெடுத்தா வருகிறது? இல்லை ஐயா, இல்லை! ஓலை எடுத்து வருகிறது! நம் உடம்பு தன் காவற்படைக்குக் கொழுப்பால் செய்தி அனுப்பும். அதே கொழுப்பைத் தானும் காய்ச்சி, 'சண்டை ஓய்ந்தது, படுத்துத் தூங்குங்கள்' என்று கள்ள ஓலை விடுகிறது பூஞ்சை. காவலர் தூங்குகிறார்கள். கள்ளன் குடியேறுகிறான்!

அந்த ஓலை எழுதத் தெரியாத பூஞ்சை ஒன்றையும் வளர்த்தோம். தேன்கூட்டைத் தின்னும் மெழுகுப்புழுக்களில் நாற்பதுக்கு எழுதத் தெரிந்ததை ஊசியில் ஏற்றினேன், இன்னொரு நாற்பதுக்கு எழுதத் தெரியாததை. ஐந்தாம் நாளுக்குள் முதலில் போட்ட நாற்பதும் கறுத்துச் செத்தன. அடுத்த நாற்பதும் வெள்ளை வெளேரென்று நெளிந்தன!

சோதனைக்கூடத் தலைவர், நம் ஆஜான், வந்தார், பார்த்தார்.

"ஏம்மா, ஊசி போட மறந்துட்டு எங்கிட்டயே கதை விடுறியா?"

"நாப்பதுக்கும் போட்டேன் ஆஜான்."

"போட்டிருந்தா செத்திருக்கும்ல? நாளையோட நின்னுக்கோ."

பதினோரு ஆண்டு வேலை! நெஞ்சு வெடித்துவிட்டது எனக்கு. மறுநாள் அறுத்துக் காட்டலாமென்று அந்த நாற்பதையும் உறைய வைக்கப் போனால், எங்கள் உறைபெட்டி பழுது. சமையற்கட்டுப் பெட்டியில் வைத்தேன். ஒட்டிய சீட்டு ஈரத்தில் உதிர்ந்தது. ஆம், அது என் தப்புதான்!

மறுநாள் மதியம் தலைவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். மூங்கில் புழு வறுவலுக்குப் பேர்போன சியாங் மாயில் பிறந்தவர், வெள்ளைப் புழுவைக் கண்டால் விடுவாரா?

"புவாகம், மூங்கில் புழு இருக்கே! பொரிச்சுத் தா."

சமையற்கார அக்கா புவாகம் பொரித்தார். பசையரிசிச் சோற்றோடு தலைவர் முடித்தார். கடைசித் துண்டை மட்டும் தொடவில்லை. அதைத் தின்றவருக்கு அழகான துணை வாய்க்கும் என்பார்களே, பேரன் எடுத்தவருக்கு வெட்கம்!

நான் அழுதுகொண்டே மூட்டை கட்டும்போது அக்கா அதைத் தட்டோடு கொண்டுவந்தார்.

"அழாதடி. இதத் தின்னு, மாப்பிள்ளை தானா வருவான்."

வாய்வரை கொண்டுபோனேன். தோலுக்கடியில் கறுப்பு முடிச்சுகள்! மூங்கில் புழுவா இது, நான் ஊசி போட்ட புழு! ஓடினேன். அறுத்தேன். சாயமிட்டேன். நுண்ணோக்கியில் பார்த்தால், புழுவின் காவலர்கள் வளைத்துக் கட்டிய சிறைக்குள் பூஞ்சை! ஊசி போட்டது உண்மை! ஓலை இல்லாத கள்ளன் அகப்பட்டதும் உண்மை!

தலைவரை அழைத்துக் காட்டினேன்.

"அப்ப நான் தின்னது...?"

"யாரையும் ஏமாத்தத் தெரியாத பூஞ்சை, ஆஜான். பயப்படாதீங்க."

மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் எல்லோர் முன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது பெரிய மனசு, மறுக்க மாட்டேன்.

பெரியோரே! பூஞ்சையின் ஓலையை நம்பிய காவலரைக் குறை சொல்கிறோமே, ஊசி போடவில்லை என்று பார்த்ததும் நம்பியது யார்? மூங்கில் புழு என்று பார்த்ததும் நம்பியது யார்? நம்பும்முன் அறுத்துப் பாருங்கள்! அறுத்துப் பாருங்கள்! தின்னும்முன்னாவது அறுத்துப் பாருங்கள்!

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. இன்றைய விருந்தில் மூங்கில் புழு உண்டு, சந்தையில் நானே பார்த்து வாங்கியது. ஆஜான், இந்த முறையும் கடைசித் துண்டை விட்டுவையுங்கள். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லை. வணக்கம்!